கருமாற்றம்: வாடகைத்தாய் மாட்டின் சினைப்பையில் எதைப் பார்ப்பது?

சினை ஊசி போடுவீர்கள், கை விட்டுச் சினை பார்ப்பீர்கள், ஆனால் ஒரு மாட்டின் கருவை இன்னொரு மாட்டின் கருப்பையில் வைக்கும் கருமாற்றக் குழுவில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறீர்கள் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு. கருவை எப்படி எடுப்பது, எப்படி உறைய வைப்பது என்பதெல்லாம் இதில் இல்லை. கருவை ஏற்கப்போகும் மாட்டின் சினைப்பையைத் தொட்டுப் பார்த்து ‘இது ஆகும், இது ஆகாது’ என்று சொல்லும் வேலை மட்டும்தான்.

மாற்றும் நாள் காலையில் கட்டுச்சட்டத்தில் நிற்கும் ஒவ்வொரு மாட்டைப் பற்றியும் உங்களிடம் மூன்று பதில்கள் எதிர்பார்க்கப்படும். செயல்படுகிற கார்பஸ் லூட்டியம், அதாவது முட்டை வெளியான இடத்தில் உருவாகி, புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரந்து சினையைக் காக்கும் திசு, இருக்கிறதா? எந்தப் பக்கம் இருக்கிறது? அதன் வயது கருவின் வயதோடு பொருந்துகிறதா? (எல்லோரும் சி.எல். என்றுதான் சொல்கிறோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.) முதல் இரண்டுக்கும் விரல் பதில் சொல்லும். மூன்றாவதை விரலிடம் கேட்காதீர்கள், பருவம் குறித்த நோட்டிடம் கேளுங்கள். புதிதாக வருபவர்களில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ‘இது ஏழு நாள் சி.எல்., அது ஒன்பது நாள்’ என்று தடவிப் பார்த்தே நாள் சொல்ல முயல்வார்கள். பக்கத்தை மட்டும் அவசரத்தில் சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஏன் அதே பக்கம், ஏன் ஏழாம் நாள்

பருவத்துக்கு வந்த நாளை 0 என்று வைத்துக்கொள்வோம். பருவம் தொடங்கி ஏறக்குறைய 28 மணி நேரத்தில் முட்டை வெளியாகிறது. இயற்கையாகச் சினையானால், கரு நாலைந்து நாளில் முட்டைக் குழாயைக் கடந்து கருப்பைக் கொம்புக்கு வந்துசேரும். அதனால்தான் நாம் 7ஆம் நாளில், கருப்பைக் கழுத்து வழியாக, கொம்புக்குள் கருவை வைக்க முடிகிறது.

அடுத்து நடப்பதுதான் பக்கத்தை இவ்வளவு முக்கியமாக்குகிறது. கரு இருப்பது தெரியாவிட்டால், 16, 17ஆம் நாள் வாக்கில் கருப்பை புரோஸ்டாகிளாண்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து சி.எல்.ஐக் கரைத்துவிடும். இது உடல் முழுக்கச் சுற்றிவந்து வேலை செய்வதில்லை. அந்தப் பக்கக் கொம்பின் சிரையிலிருந்து, அதை ஒட்டி ஓடும் சினைப்பைத் தமனிக்குள் நேரடியாகக் கசிகிறது. கரு அதற்கு முன்பே இன்டர்ஃபெரான் டௌ என்ற புரதத்தைச் சுரந்து இதைத் தடுக்க வேண்டும். கரு எதிர்க் கொம்பில் இருந்தால், சி.எல். உள்ள பக்கத்தில் தடுக்க ஆளில்லை. சினைப் பிடிப்பு வெகுவாகக் குறையும். ஆகவே, பக்கத்தை மாற்றிச் சொன்னால் நல்ல கரு, நல்ல மாடு, மாற்றுபவரின் திறமை மூன்றும் வீண்.

முதல் மாட்டுக் கருமாற்றக் கன்று 1951இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பிறந்தது. அப்போதும், அதன் பிறகு பல ஆண்டுகளும், மாற்றியதெல்லாம் அறுவை செய்துதான். விலாவைத் திறந்தால் சினைப்பை கண்ணுக்கே தெரியும், பக்கம் பற்றிய சந்தேகமே வராது. 1970களின் பிற்பகுதியில் கருப்பைக் கழுத்து வழி முறை பரவிய பிறகுதான் இந்தப் பொறுப்பு விரலுக்கு வந்தது.

முதல் பார்வை: மாற்றத்துக்கு ஒரு மாதம் முன்

வாடகைத்தாயின் சினைப்பையை முதன்முதலாக மாற்றும் நாளன்றுதான் பார்ப்பது என்றால், ஹார்மோன் செலவில் பாதி வீணாகும். பருவ ஒருங்கிணைப்பு (ஊசி போட்டு மாடுகளை ஒரே சமயத்தில் பருவத்துக்குக் கொண்டுவருவது) தொடங்கும் முன்பே ஒரு சுற்று பார்த்துவிடுங்கள்.

முதலில் சினையா என்று பாருங்கள். ‘ஊசியே போடலீங்க டாக்டர்’ என்று மாட்டுக்காரர் சொல்வார், அவர் பொய் சொல்லவில்லை. மேய்ச்சலில் ஏதோ ஒரு காளை வேலையை முடித்திருக்கும், அவருக்குத் தெரிந்திருக்காது. சினை மாட்டிலும் சி.எல். இருக்கும், அதுவும் அழகாக இருக்கும். அதை நம்பிப் புரோஸ்டாகிளாண்டின் போட்டால் கரு கலைந்துவிடும். அந்தப் பேச்சு ஊரில் ஒரு வருஷம் ஓடும்.

இரண்டாவது, மாடு சுழற்சியில் இருக்கிறதா? ஒரு முறை பார்த்து சி.எல். தென்படவில்லை என்பதால் மட்டும் கழித்துவிட வேண்டாம். பருவத்தை ஒட்டிய சில நாட்களில் எந்த நல்ல மாட்டிலும் சி.எல். கைக்குக் கிடைக்காது. 10 நாள் கழித்து மறுபடி பாருங்கள். 21 நாள் சுழற்சி சரியாக ஓடும் மாட்டில் இந்த இரண்டில் ஒரு தடவையாவது சி.எல். கிடைத்தே தீரும். இரண்டு தடவையும் சினைப்பை சிறுத்து, வழவழவென்று, மேடுபள்ளம் இல்லாமல் இருந்தால் அது சுழற்சியில் இல்லை. அதற்குத் தாது உப்பும் தீவனமும் குடற்புழு நீக்கமும்தான் முதல் மருந்து. உடல் மதிப்பெண் ஐந்துக்கு 2.75 முதல் 3.5க்குள் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்.

கன்று ஈன்ற மாடென்றால் குறைந்தது 60 நாளாவது கடந்திருக்க வேண்டும். நஞ்சுக்கொடி தங்கியது, கடினப் பிரசவம், சீழ் வடிந்தது போன்ற பழைய கதைகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். சினைப்பையைச் சுற்றி நார் போல் ஒட்டி, விரலில் தூக்க முடியாமல் இருந்தால், சுழற்சி சரியாக ஓடினாலும் எடுக்காதீர்கள். கிடாரியாக இருந்தால் இரட்டையில் காளைக்கன்றோடு பிறந்ததா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அப்படிப் பிறந்த மலட்டுக் கிடாரிக்கு ஒருங்கிணைப்பு ஊசி போட்ட கதைகள் உண்டு. புரூசெல்லா, ஐ.பி.ஆர். போன்ற நோய்ப் பரிசோதனைகளும் இந்தச் சுற்றிலேயே முடியட்டும்.

நோட்டில் என்ன இருக்க வேண்டும்

பருவத்தைக் கண்ட தேதியும் நேரமும். ‘திங்கள்’ என்று மட்டும் எழுதினால் போதாது. திங்கள் விடியற்காலையா, திங்கள் ராத்திரியா? கருவைக் கொடுத்த மாட்டுக்கும் வாங்கும் மாட்டுக்கும் பருவ இடைவெளி 24 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் நடைமுறை. உறைந்த கருவுக்கு இந்த விஷயத்தில் பொறுமை இன்னும் குறைவு. ‘திங்கள்’ என்ற ஒற்றைச் சொல்லிலேயே அந்த 24 மணி நேரம் கரைந்துபோகும்.

ஒற்றைப் புரோஸ்டாகிளாண்டின் ஊசியோ (க்ளோப்ரோஸ்டினால் என்றால் 500 மைக்ரோகிராம்), 11 நாள் இடைவெளியில் இரண்டு ஊசியோ போட்டால், மாடுகள் 2 முதல் 5 நாளுக்குள் பரவலாகப் பருவத்துக்கு வரும். ஊசி போட்ட நாளை வைத்து நாள் கணக்கிட முடியாது, கண்டிப்பாகப் பருவம் பார்க்க ஆள் வேண்டும். நம் கோடையில் கலப்பின மாடுகள் ராத்திரியிலும் விடியலிலும்தான் அதிகம் வெளிக்காட்டும், பகல் பத்து மணிக்கு வந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. கிர், சாஹிவால், காங்கேயம் போன்ற நாட்டினங்களில் பருவ நேரமே குறைவு.

மாட்டுக்காரர் தரும் ஒரு தகவல் தங்கம்: ‘நேத்து வாலில் ரத்தம் இருந்துச்சு.’ பருவம் முடிந்து ஒன்றிரண்டு நாளில் பல மாடுகளில், குறிப்பாகக் கிடாரிகளில், கொஞ்சம் ரத்தம் கசியும். ரத்தம் கண்ட நாளிலிருந்து ஏறத்தாழ இரண்டு நாள் பின்னால் போனால் பருவ நாள். நேரம் கிடைக்காத மாட்டுக்கு இதைக் குறித்து வையுங்கள். ஆனால் ரத்தம் வந்ததாலேயே முட்டை வெளியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பருவம் பார்க்க ஆளே இல்லாத ஊர்களில் ஜி.என்.ஆர்.எச். (முட்டை வெளியாகத் தூண்டும் ஹார்மோன்) முறை வசதி. முதல் நாள் அந்த வகை மருந்தான பியூசரெலின் 10 மைக்ரோகிராம், ஏழு நாள் கழித்துப் புரோஸ்டாகிளாண்டின், அதிலிருந்து இரண்டு நாள் கழித்து மறுபடி பியூசரெலின். அந்த இரண்டாவது பியூசரெலினைப் பருவ நாளாக வைத்து, ஏழு நாள் கழித்து மாற்றம். இதில் நாள் பிரச்சினை தீர்ந்தது. எல்லா மாட்டிலும் முட்டை வெளியாகும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். வெளியாகாத மாட்டைப் பிடிப்பது அன்றைய சினைப்பைப் பரிசோதனை ஒன்றுதான்.

மாற்றும் நாள்: கை எங்கே, எப்படி

மாட்டைக் கட்டுச்சட்டத்தில் நிறுத்தி, சாணத்தை முழுக்க எடுத்துவிடுங்கள். கையுறை, தாராளமாக வழுக்குத் திரவம். மாடு முக்கும்போது கையைத் தளர்த்திக் காத்திருங்கள். வால் எலும்பு மூட்டில் மரத்துப்போகச் செய்யும் 2% லிக்னோகைன் 5 மில்லி வரை கொடுப்பது மாற்றத்துக்குத் தேவை. அதைத் தேறிய மாடுகளுக்கு மட்டும், பரிசோதனைக்குப் பிறகு கொடுப்பதே சிக்கனம். ரொம்ப முக்குகிற மாடென்றால் முன்பே கொடுத்துவிடுங்கள், சண்டை போட்டுக்கொண்டு பார்த்த பரிசோதனையை நம்ப முடியாது.

கருப்பைக் கழுத்தைப் பிடித்து, முன்னால் போய், கொம்புகள் பிரியும் இடத்தைத் தொடுங்கள். அங்கிருந்து ஒரு கொம்பின் வளைவோடு போனால் அதன் நுனிக்குப் பக்கத்திலேயே சினைப்பை கிடைக்கும். கிடைத்ததும் எந்தக் கொம்பு வழியாக வந்தோம் என்பதை மனசில் சொல்லிக்கொள்ளுங்கள். பக்கம் மாறுவதில் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது. கருப்பை லேசாகத் திரும்பியிருக்கும், வலது சினைப்பை நடுக்கோட்டைத் தாண்டி இடப்பக்கம் கிடக்கும், கை அதை இடது என்று எழுதச் சொல்லிவிடும். சந்தேகம் வந்தால் பிரியும் இடத்துக்கே திரும்பி, மறுபடி தொடங்குங்கள்.

சினைப்பையை நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையே நிறுத்தி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் எல்லாப் பக்கமும் தடவிப் பாருங்கள். தடவுவது மட்டும்தான், அழுத்த வேண்டாம். ஒரு காலத்தில் சி.எல்.ஐக் கையாலேயே பிதுக்கி எடுக்கும் வழக்கம் இருந்தது. அதில் உள்ரத்தக் கசிவும் ஒட்டுதலும் வந்த மாடுகள் ஏராளம். ஏழு நாள் சி.எல். இன்னும் இளசு, ரத்த ஓட்டம் மிகுந்தது.

ஒரு பக்கம் சி.எல். கிடைத்ததும் கையை எடுத்துவிடாதீர்கள். மறுபக்கத்தையும் பார்த்தே ஆக வேண்டும். இரண்டு பக்கமும் சி.எல். இருக்கலாம், அப்படியானால் எந்தப் பக்கமும் ஆகும். அல்லது நீங்கள் முதலில் தொட்டது சி.எல்.ஆக இல்லாமலும் இருக்கலாம்.

சி.எல்.ஆ, ஃபாலிக்கிளா?

ஏழாம் நாளில் சினைப்பை வெறும் சி.எல்.லோடு இருக்காது. பருவத்துக்குப் பின் முதல் அலையில் வளர்ந்த பெரிய ஃபாலிக்கிள் (முட்டையைத் தாங்கிய நீர்ப்பை) ஒன்றும் கூடவே இருக்கும், பெரும்பாலும் 10 மி.மீ.க்கு மேல். அது சி.எல். உள்ள பக்கத்திலும் இருக்கலாம், எதிர்ப் பக்கத்திலும் இருக்கலாம். இது இயல்பு, மாட்டைக் கழிக்கக் காரணமில்லை. ஆனால் பக்கம் மாறுவதற்கு இரண்டாவது பெரிய காரணம் இதுதான்.

ஃபாலிக்கிளின் மேல்பரப்பு வழவழப்பாக, வட்டமாக இருக்கும். மெல்லத் தொட்டால் உள்ளே நீர் இருப்பது தெரியும், விரலை எடுத்தால் மீண்டு வரும். சினைப்பையின் உருவத்தோடு அது கலந்துபோகும், எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. சி.எல். அப்படியில்லை. தொட்டால் ஈரல் துண்டு போல நிறைந்து இருக்கும். அது சினைப்பையின் முட்டை வடிவத்தையே கெடுத்துவிடும். அடியைச் சுற்றி ஒரு விளிம்பு தட்டுப்படும், பல மாடுகளில் உச்சியில் ஒரு சிறு குமிழும் துருத்தி நிற்கும்.

குமிழைத் தேடிப் பழகியவர்கள் நாட்டினங்களிலும் சில கிடாரிகளிலும் ஏமாறுவார்கள். அவற்றில் சி.எல். சிறியது, பெரும்பகுதி சினைப்பைக்குள்ளேயே புதைந்திருக்கும். வெளியே துருத்தாது. அப்போது இரு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் தெளிவாகப் பெருத்து, கனமாக, திண்ணென்று இருந்தால் சி.எல். அங்கே உள்ளே இருக்கிறது.

வயதைப் பற்றித் தோராயமாக மட்டும்: பருவத்துக்குப் பின் முதல் மூன்று நாள் ஒரு மெத்தென்ற பள்ளமோ சின்ன மேடோதான் இருக்கும். ஐந்தாம் நாள் சி.எல். என்று சொல்லும்படி வரும். ஏழாம் நாள் ஏறக்குறைய 2 செ.மீ., திடமாக, ஆனால் கொஞ்சம் இளக்கமாக இருக்கும். 10 நாளுக்கு மேல் முழு வளர்ச்சி. 18 நாளுக்கு மேல் சுருங்கி, கெட்டித்துப் போகும். ஏழா எட்டா என்பதை இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் நோட்டு ‘ஏழு’ என்று சொல்லும்போது கை ‘சுருங்கிய கெட்டி’ என்று சொன்னால் நோட்டில் தவறு இருக்கிறது. அந்த அளவுக்குக் கையை நம்பலாம்.

கருப்பையையும் சாட்சிக்கு அழையுங்கள். பருவத்தில் கொம்புகள் விறைத்துச் சுருளும், ஏழாம் நாளில் தளர்ந்திருக்கும். கொம்பு விறைப்பு, கண்ணாடி போன்ற வழும்பு, பெரிய மெத்தென்ற ஃபாலிக்கிள், சி.எல். இல்லை: இந்த மாடு இன்றைக்குத்தான் பருவத்தில் இருக்கிறது. அதைக் கருமாற்ற வரிசையிலிருந்து எடுத்துவிட்டு, மாட்டுக்காரர் விரும்பினால் சினை ஊசி போட்டுவிடலாம்.

அளவைப் பிடித்துத் தொங்காதீர்கள்

குழுக்களில் சி.எல்.லுக்கு 1, 2, 3 என்று தரம் போடும் வழக்கம் இருக்கிறது. எழுதுங்கள், தவறில்லை. ஆனால் ‘3’ என்று போட்டதாலேயே மாட்டைத் திருப்பி அனுப்புவது சரியல்ல. கையில் தெரியும் அளவுக்கும் ரத்தத்தில் உள்ள புரோஜெஸ்டிரோனுக்கும் உறவு தளர்வானது. சிறிய சி.எல். கொண்ட மாடு சரியாகச் சினை பிடிப்பதும், முழுசாகத் துருத்திய சி.எல். கொண்டது 21ஆம் நாள் பருவத்துக்கு வருவதும் சாதாரணம். நாள் பொருந்தி, கருப்பை சுத்தமாக இருந்து, சி.எல். நிச்சயமாக இருந்தால், சிறியது என்பதற்காக நான் கழிக்க மாட்டேன். கரு குறைவாகவும் மாடு நிறையவும் இருக்கும் நாளில் மட்டும் பெரியதை முதலில் தேர்ந்தெடுப்பேன்.

நடுவில் நீர் கோத்த சி.எல். பற்றியும் பயம் வேண்டாம். தொடும்போது உச்சி மெத்தென்றும் சுற்றுச்சுவர் தடித்தும் இருக்கும். இதைக் கட்டி என்று எழுதிக் கழிப்பவர்கள் உண்டு. ஏழாம் நாளில் நல்ல மாடுகளிலேயே இது நிறைய வரும், புரோஜெஸ்டிரோன் சுரப்புக்குக் குறைவில்லை. உண்மையான நீர்க்கட்டி வேறு: 20 மி.மீ.க்கு மேல் மெல்லிய சுவரோடு, நாட்கணக்கில் மாறாமல் நிற்கும், சி.எல். எந்தப் பக்கமும் இருக்காது. அந்த மாட்டை அன்றைக்கு விட்டுவிடுங்கள், சிகிச்சைக்குத் தனியாக வரச் சொல்லுங்கள்.

தயங்காமல் கழிக்க வேண்டியவை: இரண்டு பக்கமும் சி.எல். இல்லாதது, வழவழத்த சிறு சினைப்பைகள், ஒட்டுதல், நோட்டோடு முரண்படும் சி.எல்., கருப்பையில் நீரோ சீழோ உள்ளது. கடைசியில் சொன்னதில் கவனம் வேண்டும். சீழ் கட்டிய கருப்பையில் சி.எல். கரையாமல் வாரக்கணக்கில் நிற்கும், சினைப்பையை மட்டும் பார்ப்பவருக்கு அது முதல் தர வாடகைத்தாய். ஒருங்கிணைத்த மாடுகள் அத்தனையும் ஒருநாளும் தேறாது, கருவின் எண்ணிக்கையைவிட அதிகமாகவே மாடுகளைத் தயார் செய்ய வேண்டும். ‘இத்தனை தூரம் ஓட்டி வந்துட்டோமே’ என்ற கெஞ்சலுக்கு இறங்கிக் கருவை வைத்தால், அடுத்த மாதம் அதே ஆள் வேறு விதமாகப் பேசுவார்.

ஸ்கேன் இருந்தால்

5 முதல் 7.5 மெகாஹெர்ட்ஸ் ஆசனவாய் புரோப் போதும். ஃபாலிக்கிள் கறுப்பாக, தெளிந்த விளிம்போடு தெரியும். சி.எல். சாம்பல் நிறத்தில், பொடிப்பொடியாக, சுற்றியுள்ள திசுவிலிருந்து பிரிந்து தெரியும். கறுப்பு வட்டம் எல்லாம் ஃபாலிக்கிள் அல்ல, ரத்தக் குழாயின் குறுக்குவெட்டும் அப்படித்தான் இருக்கும். புரோபைத் திருப்புங்கள், குழாய் நீண்டுகொண்டே போகும், ஃபாலிக்கிள் வட்டமாகவே நிற்கும். புதைந்த சி.எல்., நீர் கோத்த சி.எல்., இரட்டை சி.எல். ஆகியவற்றில் ஸ்கேன் கையைவிட நம்பகமானது. கலர் டாப்ளர் இருந்தால் ரத்த ஓட்டமும் தெரியும், சி.எல். வேலை செய்கிறதா என்பதை அளவைவிட அது நன்றாகச் சொல்லும். முதல் சில மாதங்கள் கையால் பார்த்துப் பதிலை எழுதிவிட்டு, பிறகு ஸ்கேன் வையுங்கள். முதலில் திரையைப் பார்த்தால் விரல் கற்றுக்கொள்ளாது.

ஸ்கேன் இல்லாதவர்கள் மாடறுக்கும் இடத்திலிருந்து சினைப்பைகளை வாங்கிவந்து பழகலாம். ஒரு பைக்குள் போட்டு, கையை விட்டு, கண்ணால் பார்க்காமல் தடவி, என்னவென்று எழுதி, பிறகு வெட்டிப் பாருங்கள். வெட்டு முகத்தின் நிறமே நாள் சொல்லும்: முதல் நாலு நாள் ரத்தச் சிவப்பு, 10 நாள் வரை உச்சியில் சிவப்பும் உள்ளே ஆரஞ்சும், அப்புறம் முழுக்க ஆரஞ்சு, கடைசியில் வெளிறிய மஞ்சள்.

குறிப்பது, பொருத்துவது, பின்தொடர்வது

பார்த்து முடித்த கையோடு, சி.எல். உள்ள பக்கத்துப் பின்தொடையில் கலர் பென்சிலாலோ சாக்பீஸாலோ கோடு போடுங்கள். நோட்டில் வலது, இடது என்று முழுசாக எழுதுங்கள். கருவை வைப்பவர் வேறு ஆளாக இருந்தால், அவரும் ஒரு முறை அந்தப் பக்கச் சினைப்பையை லேசாகத் தொட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. கருப்பையை அதற்கு மேல் நோண்டக் கூடாது.

தேறிய மாடுகளைப் பருவ நேர வரிசையில் எழுதிக்கொண்டு கருக்களைப் பிரித்துக் கொடுங்கள். வளர்ச்சி முந்திய கரு, அதாவது விரிந்த பிளாஸ்டோசிஸ்ட், முதலில் பருவத்துக்கு வந்த மாட்டுக்கு. அதற்கு முந்தைய நிலையான இறுகிய மோருலா, கடைசியாக வந்த மாட்டுக்கு.

மாட்டுக்காரரிடம், மாற்றிய நாளிலிருந்து 11 முதல் 17 நாளுக்குள் மாடு பருவத்துக்கு வருகிறதா என்று கவனிக்கச் சொல்லுங்கள். வராதவற்றை மாற்றி மூன்று நான்கு வாரத்தில் ஸ்கேனிலும், ஸ்கேன் இல்லையென்றால் இரண்டு மாதத்தில் கையாலும் பாருங்கள். முடிவைப் பழைய நோட்டின் அதே வரியில், நீங்கள் எழுதிய பக்கம், தரம், பருவ நேரம் ஆகியவற்றுக்கு எதிரே எழுதுங்கள். ஒரு சீசனுக்கான நோட்டுப் பக்கங்கள் சேர்ந்த பிறகு, இடது என்று எழுதியவை மட்டும் குறைவாகப் பிடித்திருந்தால், உங்கள் கை இடப்பக்கத்தில் எதையோ தவறாகப் படிக்கிறது என்று பொருள். அடுத்த முறை அந்தப் பக்கத்துக்கு மட்டுமாவது ஸ்கேன் வைத்துச் சரிபாருங்கள்.